தகடூர் முதல் ஓசூர் வரை: கோட்டைகளுக்கு நடுவே ஒரு கூட்டணிப் பேச்சு

வெள்ளி, தருமபுரி

நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் தாண்டி ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று தூரத்து நாடுகளோடு உறவு வளர்த்துக்கொண்டே போகிறது. ஒரே கொள்கையுள்ள நாடுகள் ஒன்றுசேர்கின்றன என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆசியாவில் புதுச் சண்டைக்கு வழி பண்ணுகிறார்கள் என்று சீனா சொல்கிறது. கொஞ்ச நாளாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்று தோன்றியதும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், காரிமங்கலம் பக்கம் வீடு. "கோட்டைங்களப் பாத்துக்கிட்டே பேசலாம், கெளம்பி வா பாப்பா" என்றார். பெங்களூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டேன்.

முதலில் அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் கொஞ்ச தூரம்தான். காலபைரவர் கோயில் வாசலில் சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் ஒன்று ஏற்றினார். அப்புறம் அதியமான் கோட்டத்துக்குப் போய் அதியமான், ஔவையார் சிலைகளைப் பார்த்தோம்.

ஔவை தொண்டைமானிடம் தூது போனதும், நெல்லிக்கனி கதையும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்த ஊரில் முக்கியமாகப் படுவது தகடூர்ப் போர்; தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்ததைச் சங்க நூலான பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் சொல்கிறது. கொல்லிக் கூற்றத்து நீர்கூரில் அதியமானை மட்டுமல்ல, அவனோடு சேர்ந்து நின்ற இரு பெரு வேந்தரையும் சேர்த்து வென்றான் என்கிறது அந்தப் பதிகம். இரு பெரு வேந்தர் என்றால் சோழனும் பாண்டியனும். ஒரு குறுநில மன்னனுக்காக இரண்டு பேரரசர்கள் வெளியூரிலிருந்து படையோடு வந்து நின்றிருக்கிறார்கள். சேரன் பெரிதாக வளர்ந்தால் தங்களுக்கும் ஆபத்து என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். வந்தும் தோற்றார்கள். ஊர் எரிந்தது தகடூரில்தான்.

"வந்தாங்களே, அதச் சொல்லு. வராமப் போனவங்க கதைதான் இந்தப் பக்கம் ஜாஸ்தி" என்றார் சித்தப்பா.

சாப்பிட உட்கார்ந்தபோது நேட்டோ ஒப்பந்தத்தின் அடிப்படையை அவருக்குச் சொன்னேன். 1949 ஏப்ரல் 4 அன்று 12 நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டன. இன்று 32 நாடுகள். ஐந்தாம் பிரிவு பிரபலமானது: ஒருவர் மேல் விழும் அடி எல்லோர் மேலும் விழுந்த அடி. அதை இதுவரை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தியிருக்கிறார்கள், 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக. ஆறாம் பிரிவைத்தான் யாரும் படிப்பதில்லை. எந்த நிலப்பரப்பில் அடி விழுந்தால் ஐந்தாம் பிரிவு செல்லும் என்று அதில் எல்லை கட்டியிருக்கிறார்கள்: ஐரோப்பா, வட அமெரிக்கா, துருக்கி, கடகரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் தீவுகள். பசிபிக்கின் நடுவில் இருக்கும் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமாக இருந்தும் அந்த எல்லைக்குள் வரவில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. போர்ச்சுகல் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்தபோது லிஸ்பன் கத்தியது. நேட்டோவிலிருந்து ஒரு கப்பல் வரவில்லை. கோவா ஆறாம் பிரிவின் எல்லைக்கு வெளியே இருந்தது. உறுப்பு நாட்டுக்கே இந்த நிலை என்றால், உறுப்பினர் அல்லாத தூரத்து நண்பர்களுக்கு என்ன உறுதி இருக்கிறது? இந்தப் பயணம் முழுக்க நான் சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கப்போவது இதைத்தான்.

சனி, கிருஷ்ணகிரி

ஏழு மணிக்கே மலை ஏற ஆரம்பித்தோம். பழையபேட்டை பக்கத்தில் இருந்து பாதை. ஊர்க்காரர்கள் சையத் பாஷா மலை என்கிறார்கள், உச்சியில் தர்கா இருக்கிறது. பாதி தூரம் வெறும் கருங்கல் பாறை, அதில் செதுக்கிய படிகள் தேய்ந்து வழுக்குகின்றன. வெயில் ஏறிவிட்டால் பாறையில் கை வைக்க முடியாது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு போங்கள். போகிறவர்கள் அந்த மதில்களில் பெயர் கிறுக்காமல் வந்தால் பெரிய புண்ணியம்.

ஒரு வாசலைத் தாண்டியதும் பாதை சட்டென்று திரும்பிச் செங்குத்தாக ஏறுகிறது. சித்தப்பா அங்கேயே நின்று மேலே பார்த்தார். "இங்க பத்து பேர் கல்ல உருட்டுனாப் போதும், ஒரு பட்டாளம் ஏற முடியாது" என்றார். அப்படித்தான் நடந்தது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி ராத்திரியில் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டு, ஓடுகிறவர்களோடு சேர்ந்து மேல்கோட்டைக்குள்ளும் புகுந்துவிடப் பார்த்தார். திப்புவின் ஆட்கள் கதவை அடைத்து, மேலே இருந்து பாறைகளை உருட்டித் தள்ளினார்கள். ஆங்கிலேயர்கள் இறங்கிப் போனார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் இந்தக் கோட்டை அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. சண்டையில் கிடைக்காதது மேசையில் கிடைத்தது.

உச்சியில் காற்று நன்றாக அடித்தது. அங்கே உட்கார்ந்துதான் பாராமகால் கதையைச் சித்தப்பாவிடம் முழுதாகச் சொன்னேன். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்துக்கு அந்தக் காலத்துப் பெயர் பாராமகால். மைசூர்ப் பீடபூமியிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்குகிற வழி. இறங்குகிற படைகளும், ஏறுகிற படைகளும் பெரும்பாலும் இதை மிதித்துவிட்டுத்தான் போயின.

1767இல் ஹைதராபாத் நிஜாம் முதலில் ஆங்கிலேயரோடு சேர்ந்து மைசூரை ஆண்ட ஹைதர் அலி மேல் படையெடுத்தார். சில மாதங்களில் ஹைதர் பக்கம் தாவி, செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றார். அடுத்த ஆண்டு ஹைதரைக் கைவிட்டு மறுபடி ஆங்கிலேயரோடு ஒப்பந்தம். அந்தப் போர் 1769இல் மதராஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் துணைக்கு வர வேண்டும் என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். கிட்டத்தட்ட நேட்டோவின் ஐந்தாம் பிரிவு மாதிரியேதான். மறு ஆண்டே மராட்டியர் மைசூருக்குள் நுழைந்தார்கள். ஹைதர் ஆங்கிலேயரை அழைத்தார். அவர்கள் வரவில்லை. அந்தக் கசப்பு ஹைதருக்குக் கடைசிவரை போகவில்லை. 1780இல் அவர் பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியே இறங்கி ஆற்காட்டுச் சீமையை எரித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"எழுத்துல இருந்தும் வரலியா?"

"எழுத்துல இருந்தும் வரல சித்தப்பா."

அப்புறம் 1790. ஆங்கிலேயரின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஒரு மும்முனைக் கூட்டணி கட்டினார்: கிழக்கிந்தியக் கம்பெனி, மராட்டியரின் பேஷ்வா, நிஜாம். இந்தப் பக்கம் திப்புவும் சும்மா இருக்கவில்லை. அவர் தன் வட்டாரத்தைத் தாண்டி நட்பு தேடியவர். கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூது அனுப்பினார். அவருடைய தூதர்கள் 1788இல் பிரான்சுக்குப் போய்ப் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். மன்னர் நன்றாக வரவேற்றார், விருந்து வைத்தார், படை அனுப்பவில்லை. பிரான்சின் கஜானா காலி. அடுத்த ஆண்டே அங்கே புரட்சி. 1792இல் திப்பு பாதி நாட்டையும் 3 கோடி 30 லட்சம் ரூபாயையும் இழந்து, இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுத்தபோது, பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. பிறகு 1798இல் மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் மலார்டிக், திப்புவுக்காகத் தொண்டர் படை வேண்டும் என்று ஊரறிய அறிக்கை ஒட்டினார். மங்களூருக்கு வந்து இறங்கியவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஆனால் அந்த அறிக்கை அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்க நல்ல சாக்காகிவிட்டது. உதவி வந்து சேரவில்லை, உதவி வரப்போகிறது என்ற செய்தி மட்டும் எதிரிக்குப் போய்ச் சேர்ந்தது. இதைவிட மோசமான நட்பு இருக்க முடியாது.

இதைச் சொல்லி முடித்ததும் நான் சித்தப்பாவிடம் ஜார்ஜியா, உக்ரைன் கதையை எடுத்தேன், திப்பு கதையும் இந்தக் கதையும் ஒன்றையொன்று தொடுகிற இடம் இது. 2008 ஏப்ரலில் புக்காரெஸ்ட் மாநாட்டில் இந்த இரண்டு நாடுகளும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று நேட்டோ அறிவித்தது. எப்போது என்று சொல்லவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ரஷ்யா ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. உக்ரைன் 2020இல் நேட்டோவின் உயர்நிலைக் கூட்டாளிகளில் ஒன்றாக ஆனது; கூட்டாளி என்றால் உறுப்பினர் அல்லாத நட்பு நாடு. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை கீவ் நோக்கி வந்தபோது ஆயுதம் வந்தது, பணம் வந்தது, உளவுத் தகவல் வந்தது. படை வரவில்லை. ஒப்பந்தப்படி வரவேண்டிய கடமையும் இல்லை. இதைப் பக்கத்திலிருந்து பார்த்த பின்லாந்தும் ஸ்வீடனும் கூட்டாளியாக இருந்தால் போதாது என்று முடிவு கட்டின. பின்லாந்து 2023 ஏப்ரலில் உறுப்பினர், ஸ்வீடன் 2024 மார்ச்சில்.

நேட்டோவைக் கம்பெனியோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். கம்பெனியின் துணைப்படைத் திட்டத்தில் சேர்ந்த நிஜாம் தன் செலவில் கம்பெனிப் படையை வைத்துக்கொண்டு, தன் வெளியுறவையே விட்டுக்கொடுத்தார். நேட்டோவில் 32 நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. விரும்பித்தான் சேர்கிறார்கள். அதனால்தான் உறுப்பினருக்கும் கூட்டாளிக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று மக்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நான் அடித்துச் சொல்கிறேன். கோடு மங்கலாக இருக்கிற இடத்தில்தான் கிருஷ்ணகிரி மாதிரி எல்லை ஊர்கள் எரிகின்றன.

ஞாயிறு, கிருஷ்ணகிரி

கால் வலி. பாதி நாள் ஓய்வு. மதியம் ராகிக் களியும் கீரைக் கடைசலும்.

சாயங்காலம் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போனோம். சீசன் நேரம். தோத்தாபுரி லோடு லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. பழத்தைக் கழுவி, கொட்டை பிரித்து, கூழாக்கி, சூடேற்றி, கிருமி புகாத பைகளில் அடைத்து, அந்தப் பைகளை இரும்புப் பீப்பாய்க்குள் இறக்குகிறார்கள். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய 2023 கடைசியிலிருந்து பட்ட பாட்டை அவர் சொன்னார். "கப்பல் ஆப்பிரிக்காவச் சுத்திப் போச்சுங்க. வாடகை ஏறிடுச்சு. அந்த வருஷம் வெவசாயிக்கு நாங்க என்ன வெல குடுக்க முடியும்?"

எங்கோ இருக்கும் கடலில் ஒரு ஏவுகணை, இங்கே போச்சம்பள்ளிக்காரரின் தோப்பில் விலை இறங்குகிறது. தூரத்து நாடுகள் ஏன் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஜப்பான் பிரதமராக இருந்த கிஷிடா 2022இல் இதைத்தான் வேறுவிதமாகச் சொன்னார்: இன்று உக்ரைனுக்கு நேர்ந்தது நாளை கிழக்காசியாவுக்கு நேரலாம் என்று. 2024 கடைசியில் வடகொரியப் படையினர் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குச் சண்டைக்கு வந்தபோது தென்கொரியாவுக்கும் போலந்துக்கும் ஒரே எதிரி என்பது கண்ணால் பார்க்கிற விஷயமாகிவிட்டது. ஆக, இந்த உறவுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

திங்கள், ராயக்கோட்டை, ஓசூர்

ராயக்கோட்டை மலை கிருஷ்ணகிரியைவிட எனக்குப் பிடித்தது. ஊருக்கு நேர் மேலே நிற்கிறது. பாராமகாலிலிருந்து பெங்களூருக்குப் போகும் வழிகளில் ஒன்றை இது காவல் காத்தது. 1791 ஜூலையில் ஆங்கிலேயர் இதைப் பிடித்ததற்குக் காரணம் சோறு. அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே மாதத்தில், கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல்வரை போய்விட்டார். தானியம் தீர்ந்தது, மாடுகள் செத்தன. பெரிய பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகு எதிரே ஒரு குதிரைப்படை வருகிறது. எதிரி என்று பதறினார்கள். வந்தவர்கள் மராட்டியக் கூட்டாளிகள், மூட்டை மூட்டையாகத் தானியத்தோடு! திப்புவின் குதிரைவீரர்கள் நடுவில் ஓலைகளை மறித்ததால் இரண்டு படைக்கும் ஒருவர் இருக்கும் இடம் இன்னொருவருக்குத் தெரியவில்லை. சில நாள் முன்னால் சேதி போயிருந்தால் அந்தப் பீரங்கிகள் பிழைத்திருக்கும். மராட்டியச் சந்தையில் அந்தத் தானியத்தை நல்ல விலைக்கு விற்றார்கள் என்பது கூடுதல் செய்தி.

இந்தக் கதை சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தவர், குழாயின் உள்விட்டம் 155 மில்லிமீட்டர். நேட்டோ நாடுகளின் அளவும் அதுதான். "அளவு ஒண்ணுதானே, அப்ப எவன் குண்டு வேணா எவன் பீரங்கிலயும் போடலாம்னு நெனைக்கறாங்க பாப்பா. அப்படி இல்ல. குண்டோட எடை வேற, மருந்து வேற, மூக்குல வைக்கற ஃபியூஸ் வேற. ஒவ்வொண்ணுக்கும் தனித் தூரக் கணக்குப் பட்டியல் இருக்கு. பட்டியல் கையில இல்லாம சுட்டா, முன்னால நிக்கற நம்ம ஆளு மேலயே விழும்." தரையில் ஒரு குச்சியால் கோடு போட்டு, ஒரே கோணத்தில் இரண்டு வகைக் குண்டு எங்கெங்கே விழும் என்று காட்டினார். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் தன் செருப்பை வைத்து, "இதுதான் நம்ம காலாட்படை" என்றார்.

நேட்டோ தன் கூட்டாளிகளோடு வருடம் முழுக்கச் செய்வது பெரும்பாலும் இந்த வேலைதான். ஒரே தரநிலை, ஒத்துப்போகும் தகவல் தொடர்பு, கூட்டுப் பயிற்சி, இணையத் தாக்குதலைச் சமாளிப்பது. ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகத் திட்டம் போடுகிறார்கள். ஆப்கானிஸ்தானில் இது ரத்தத்தோடு சோதிக்கப்பட்டது. உறுப்பினர் அல்லாத ஆஸ்திரேலியா அங்கே 41 வீரர்களை இழந்தது. இன்னொரு பலனும் உண்டு. 2022இல் போலந்து தென்கொரியாவிடம் கே-9 பீரங்கிகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. அதே கே-9 நம் ராணுவத்தில் வஜ்ரா என்ற பெயரில், குஜராத்தின் ஹசீராவில் தயாராகி வருகிறது. சித்தப்பா இதற்குப் பெருமையாகத் தலையாட்டினார்.

ஆனால் நட்பு ஒரே சீராக இல்லை. 2022இல் நேட்டோவின் மாட்ரிட் மாநாட்டுக்கு ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற நான்கு பசிபிக் நாடுகளின் தலைவர்களும் முதல்முறையாக வந்தார்கள். 2023 வில்னியஸிலும் நால்வரும். அதே ஆண்டு டோக்கியோவில் ஒரு நேட்டோ தொடர்பு அலுவலகம் திறக்கலாம் என்ற பேச்சை பிரான்ஸ் எதிர்த்தது, அது நின்றுபோனது. 2025 ஹேக் மாநாட்டுக்கு நால்வரில் நியூசிலாந்துப் பிரதமர் மட்டும்தான் நேரில் போனார். இந்தக் கூட்டாளிப் பட்டியலில் பாகிஸ்தானும் இருக்கிறது என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். ஆப்கானிஸ்தானில் இருந்த நேட்டோ படைக்குச் சரக்கு போக வழி வேண்டியிருந்தது. 2011 நவம்பரில் ஆப்கானிஸ்தான் எல்லையோரச் சலாலாவில் நேட்டோ விமானத் தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் செத்ததும் அந்த வழியைப் பாகிஸ்தான் ஏழு மாதம் மூடிவைத்தது. ஒரே கொள்கை என்ற பேச்சை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளாததற்கு இதுவும் காரணம். பல இடங்களில் கொள்கையைவிட வழிதான் பெரிதாக இருந்திருக்கிறது, ராயக்கோட்டை மாதிரி.

மூன்று மணிக்கு ஓசூர். தொழிற்பேட்டைச் சாலையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு முனை. விமான உதிரிபாகம், துல்லியக் கடைசல் வேலை தெரிந்த பையன்கள் இங்கே ஏராளம். நாளை இவர்கள் கடைந்தெடுக்கும் பாகம் எந்த நாட்டுப் பீரங்கியில் போய் உட்காரும் என்பது தில்லியில் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

தில்லி இதுவரை நேட்டோவோடு பேசிப் பார்த்திருக்கிறது, 2019 டிசம்பரில் பிரசல்ஸில் முதல் உரையாடல். சேரவில்லை. 2023இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இந்தியாவை நேட்டோ பிளஸ் ஏற்பாட்டில், அதாவது நேட்டோவோடு சில நட்பு நாடுகளையும் சேர்த்த பாதுகாப்பு ஏற்பாட்டில், சேர்க்கலாம் என்றபோது, நேட்டோ மாதிரி அமைப்பு நமக்குப் பொருந்தாது என்று வெளியுறவு அமைச்சராக இருந்த ஜெய்சங்கர் மறுத்தார். அது சரி என்பதுதான் என் கருத்து. இமயமலையில் நமக்குப் பிரச்சினை வந்தால் ஆறாம் பிரிவின்படி யாரும் வரவேண்டியதில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டதற்கான பகை மட்டும் முழுசாக நம் கணக்கில் வந்துவிடும், மலார்டிக் அறிக்கை திப்புவுக்குச் செய்தது போல.

சித்தப்பா முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "சேரவேணாம், சரி. ஆனா பயிற்சிய விட்றாத. அவன் பட்டியல் நம்மகிட்டயும், நம்ம பட்டியல் அவன்கிட்டயும் இருக்கணும். தேவைப்படற அன்னிக்குப் போய்க் கேட்டா ஒருத்தனும் குடுக்கமாட்டான்." அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பட்டியலைக் கொடுத்தால் நம் பீரங்கியின் எல்லையும் அவர்களுக்குத் தெரிந்துவிடுமே, அதை எவ்வளவு தூரம் காட்டலாம் என்று கேட்டேன். பெங்களூர் பஸ் வந்து நிற்கிறவரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம், முடிவுக்கு வரவில்லை.